அமீனா டீச்சரும் முப்பத்தொரு சீட்டும்

பயந்த சுபாவம்னா அப்படி ஒரு பயந்த சுபாவம் அமீனா டீச்சருக்கு. ஊட்டைப் பூட்டிட்டுப் பத்தடி நடப்பாங்க, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பாங்க. மறுபடியும் பத்தடி, மறுபடியும் பூட்டு. வகுப்புல யாராவது ஸ்கேலைக் கீழ போட்டாக்கூட ஒரு துள்ளு துள்ளுவாங்க. இந்த அம்மாவா ஒரு ஊரையே எதுத்து நின்னுச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பக்கத்துலயே இருந்த நானே பாதி நாள் நம்பல.

எம்பேரு கிருஷ்ணம்மாள். ஏற்காட்டுல ஒரு கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன். எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்காதீங்க. அந்த ஊர் பேரையும் சொல்ல மாட்டேன், புள்ளைங்க பேரையும் மாத்தித்தான் சொல்றேன். அதுங்க எல்லாம் இப்பக் கல்யாணம் காட்சி ஆகி குடும்பம் நடத்துதுங்க. என் வாயால அதுங்களுக்கு ஒரு தொந்தரவு வரக் கூடாது பாருங்க.

டீச்சர் ஏற்காட்டுலயே ஒண்டிக்கடைப் பக்கம் பொறந்து வளந்தவங்க. அவங்கப்பா பக்கீர் முகமது சேலத்துல இருந்து மலை ஏறி வந்து, கம்பளி, குடை, ரப்பர் செருப்பு விக்கிற கடை வெச்சவரு. மக படிக்கோணும்னு அவருக்கு நொம்ப ஆசை. காலேஜுக்கு தெனமும் பஸ்ல கீழ எறங்கி, பொழுதோட மேல ஏறி வருவாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் இன்னைக்குக் கவுந்துருமுன்னு கண்ணை இறுக்கி மூடிக்குவாங்களாம். "அஞ்சு வருசம் போய் வந்தேன் கிருஷ்ணம்மாக்கா, பள்ளத்துல என்ன இருக்குதுன்னு இன்னும் நான் பாத்ததில்ல"ன்னு சிரிப்பாங்க. கட்டிக்கிட்டதும் யாரை? மலை ரோட்டுல ஜீப் ஓட்டுற முகமது யூசுப்பை. அந்த மனுசன் தெனம் ஊடு திரும்புற வரைக்கும் இந்தம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துட்டே கெடக்கும்.

வேலையும் நெலையான வேலை இல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட டெம்பரரி டீச்சர். எட்டுல இருந்து பத்து வரைக்கும் சமூக அறிவியல். யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லிட்டா, நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிடுவாங்க, அவ்வளவுதான். அதனால ஹெட்மாஸ்டர் கூப்புட்டா ஓடுவாங்க, எழுத்துல உத்தரவு குடுத்தா இன்னும் வேகமா ஓடுவாங்க.

ஆனா அரசியலமைப்புப் பாடம் எடுக்கறப்ப மட்டும் இது வேற பொம்பளை. சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா அவங்க வகுப்பு. நான் கொழம்பைக் கிண்டிட்டே கேட்டுட்டு இருப்பேன். "இது எந்த ராசாவும் நமக்குப் போட்ட உத்தரவு இல்ல கண்ணுங்களா. நாம உக்காந்து நமக்கே எழுதிக்கிட்டது. மொத வரியே இந்திய மக்களாகிய நாம்னுதான் ஆரம்பிக்குது"ன்னு கணீர்னு சொல்லுவாங்க. ஒரு நாள் பின்னால இருந்து ஒரு புள்ள, "அந்த நாம்ல எங்க ஊரும் சேத்திங்களா டீச்சர்?"னு கேட்டுது. "உங்க ஊரு, எங்க ஊரு, இந்தக் கிருஷ்ணம்மாக்கா எல்லாமே சேத்தி"ன்னாங்க. எனக்குக் கொழம்பே தீஞ்சு போச்சு அன்னைக்கு.

அது ரெண்டாயிரமாவது வருசம், பொங்கல் லீவு முடிஞ்ச வாரம். குடியரசு தினத்தன்னைக்குக் கொடியேத்தறப்ப அந்த அரசியலமைப்போட முகவுரையை ஒரு மாணவர் சத்தமா படிக்கோணும்னு டீச்சருக்கு ஆசை. யாரு படிக்கறது? பத்தாம் வகுப்புப் புள்ளைங்ககிட்ட, "நீங்களே ஓட்டுப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்க. எலக்சன் எப்படி நடக்குதுன்னு பாடமும் ஆச்சு"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு நின்னாங்க. பொன்னுவேல்னு ஒரு பையன், காளியாயின்னு ஒரு புள்ள. ரெண்டு பேரும் ஒரே ஊரு. காப்பித் தோட்டத்துக்கு அந்தாண்ட, ஜீப் போற ரோடு முடிஞ்சு அதுக்கு மேல ரெண்டு மைல் நடக்கோணும். மலை விவசாயம் பண்றவங்க, சாமை, ராகி, கொஞ்சம் பழமரம், கொஞ்சம் காப்பி.

நாலு நாள் புள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஓட்டுப் போடற அன்னைக்குக் கரும்பலகையைச் சாய்ச்சு வெச்சு மறைவு கட்டி, பிஸ்கட் டின்னுல ஓட்டை போட்டு, வெரல்ல நீல மை வெச்சு, அசல் எலக்சன் தோத்துச்சு போங்க. துண்டுச் சீட்டுல புடிச்ச பேரை எழுதி மடிச்சுப் போடோணும். "யாரு யாருக்குப் போட்டீங்கன்னு சத்தியமா யாருக்கும் தெரியாது. எப்பவுமே தெரியாது"ன்னு டீச்சர் சொன்னாங்க. மொத்தம் முப்பத்தொரு சீட்டு. என்னைச் சாட்சிக்கு உக்கார வெச்சு எண்ணுனாங்க. காளியாயிக்கு இருபத்தேழு, பொன்னுவேலுக்கு நாலு. அதைக் கரும்பலகையில பெருசா எழுதியும் போட்டாங்க. புள்ளைங்க கை தட்டுன தட்டுல ஓடு பேந்துரும் போல இருந்துச்சு. பொன்னுவேலும் சிரிச்சுட்டேதான் கை தட்டுனான். நல்ல பையன்.

அங்கதான் வந்துச்சுங்க வினை. பொன்னுவேல் யாரு? அந்த ஊருக்குத் தலைவர், ஊர்க்கவுண்டர் சித்தக்கவுண்டரு மகன். அந்த ஊர்ல ஒரு கட்டு, அதாவது கட்டுப்பாடு இருக்குது. எலக்சன் வந்தா ஊர்க்கூட்டம் போட்டு எந்தச் சின்னத்துக்குன்னு முடிவு பண்ணுவாங்க. தட்டுல வெத்தலை வெச்சு, ஊட்டுக்கு ஒரு ஆம்பளை வந்து சத்தியமா அது மேல கை வெக்கோணும். பொறவு மொத்த ஊரும் ஒரே சின்னத்துல குத்தும். ஊரு ரெண்டு பட்டுறக் கூடாதுன்னு பெரியவங்க போட்ட கட்டாம். மாறிப் போனவங்க கோயில் முன்னால ஈரத் துணியோட நின்னு, ஊடு ஊடா போய் வெத்தலை பாக்கு வெச்சுக் கும்பிடோணும். அதுக்குக் குத்தம் கட்டறதுன்னு பேரு. ஊர்க்கவுண்டர் மகன் நின்னா, பள்ளிக்கூட ஓட்டானாலும் மொத்த ஊரும் அவனுக்குத்தாங்கறது அவங்களுக்குச் சொல்லாமலே தெரிஞ்ச கட்டு.

அந்த ஊர்ல இருந்து நம்ம வகுப்புக்குப் பன்னெண்டு புள்ளைங்க. கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. பொன்னுவேலுக்கு விழுந்த நாலும் அந்த ஊர்ப் புள்ளைங்களே போட்டதா வெச்சாக்கூட, எட்டுப் பேரு ஊர்க்கவுண்டர் மகனுக்குப் போடல. அதைக் கரும்பலகையில எழுதி ஊருக்கே வெளிச்சம் போட்டது நம்ம டீச்சர்தான்.

ஓட்டுப் போட்ட மூணாம் நாள் சாப்பாட்டுத் தட்டு எண்ணறேன், பன்னெண்டு தட்டு மிச்சம். அன்னைக்கு முட்டை போடற நாள் வேற. சுரமா இருக்கும்னு பாத்தா, ஒரே ஊர்ப் புள்ளைங்களுக்கு எப்படி ஒட்டுக்கா சுரம் வரும்? மத்தியானம் சித்தக்கவுண்டரே வந்துட்டாரு. வெள்ளைத் துண்டு, கையில குடை. கத்தல, மெரட்டல, அமைதியாத்தான் பேசுனாரு.

"ஏனுங் டீச்சர், உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. நீங்க பாடம் சொல்லிக் குடுத்தீங்க. அந்தச் சீட்டைக் குடுத்தீங்கன்னா போதும். எங்க புள்ளைங்க கையெழுத்து எங்களுக்குத் தெரியும். அந்த எட்டுப் பேரு யாருன்னு பாத்து, குத்தம் கட்டி முடிச்சுட்டா, மறுநாளே பன்னெண்டும் பள்ளிக்கூடம் வந்துரும். அது வரைக்கும் எங்க ஊர்ல இருந்து ஒண்ணும் வராதுங்க."

டீச்சர் மூஞ்சியைப் பாக்கோணுமே! வெளுத்துப் போச்சு. "யோசிச்சுச் சொல்றேனுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவரு போனதும் என் சமையக்கட்டுக்கு வந்து அரிசி மூட்டை மேல உக்காந்து, "நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா. பேரை அச்சடிச்சுக் குடுத்து முத்திரை குத்த வெச்சிருக்கோணும். எழுதச் சொல்லிட்டேன். மூணு வருசமா அதுங்க நோட்டைத் திருத்துறேன். சீட்டைப் பிரிச்சதுமே ஒவ்வொண்ணும் யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாதுன்னு சத்தியம் பண்ணிட்டு நானே தெரிஞ்சுக்கிட்டேன்"ன்னு அழுதாங்க.

எனக்குக் கோவம்னா கோவம். மார்ச்சுல பரிச்சை. பன்னெண்டு புள்ளைங்க படிப்பு போயிரும் போல கெடக்குது, இந்தம்மா சீட்டை மடியில கட்டிட்டு அழுவுது! "குடுத்துத் தொலைங்க டீச்சர்! வெத்தலை பாக்குத்தானே, வெச்சுக் கும்பிட்டா என்ன கொறைஞ்சு போகுது? இல்ல, கிழிச்சு என் அடுப்புல போடுங்க, சீட்டே இல்லன்னு சொல்லிடலாம்"ன்னு கத்திட்டேன்.

"கிழிச்சா, எண்ணுனதே பொய்யின்னு சொல்லுவாங்கக்கா. காளியாயி ஜெயிச்சது பொய்யின்னு ஆயிரும்"ன்னாங்க. "குடுத்தா, பதினஞ்சு வயசுல அதுங்க என்ன கத்துக்கும்? ரகசியம்னு டீச்சர் சொல்லுச்சு, ரகசியம்னு ஒண்ணு கெடையாதுன்னு கத்துக்கும். பொறவு சாகற வரைக்கும் பயந்துட்டேதான் ஓட்டுப் போடும். பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. அதை என் கையால அதுங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

எனக்கு அது பாதி புரிஞ்சுது, பாதி புரியல. அந்த முப்பத்தொரு சீட்டையும் ஒரு கவருல போட்டு, மஞ்சத்தூள் டின்னுக்குள்ள வெச்சு, என் ஸ்டோர் ரூம்ல பூட்டி, சாவியை என்னையே வெச்சுக்கச் சொன்னாங்க. மூணு தடவை பூட்டை இழுத்துப் பாத்துட்டுத்தான் போனாங்க.

அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் நரகம். ஹெட்மாஸ்டர் ரெண்டு தடவை கூப்புட்டு, "என்னம்மா, எட்டுச் சீட்டைக் காட்டிட்டுப் பிரச்சினையை முடிங்க. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? தேர்ச்சி விழுக்காடு எங்க போய் நிக்கும்? உங்களை இந்த மாசத்தோட நிறுத்தோணும்னு கழகத்துல பேசறாங்க"ன்னாரு. டீச்சர் சீட்டைக் காட்டல. வெளிய வந்து குழாயடியில முகம் கழுவுனாங்க. கழுவிட்டே இருந்தாங்க, நான் போய்க் குழாயை நிறுத்துனேன்.

குடியரசு தினம் வந்துச்சு. கொடியேத்துனாங்க. முகவுரையைப் படிக்க வேண்டிய காளியாயி இல்ல. வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்கன்னாரு ஹெட்மாஸ்டர். "ஜெயிச்ச புள்ள வரட்டுங்க சார்"னு டீச்சர் சொன்னாங்க, கொரலு எனக்கே சரியா கேக்கல. யாரும் படிக்காமலே முட்டாய் குடுத்து அனுப்பிட்டாங்க.

தை முடியற சமயம் காளியாயி அம்மா பாப்பாத்தி என்னைத் தேடி வந்துச்சு. புருசன் செத்த பொம்பளை, எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கிற வேலை. சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டு நின்னுச்சு. "ஏனுங்கக்கா, கொழுந்தனாரு மாப்பிள்ளை பாத்துட்டாருங்க. மாசியில முடிச்சுரலாம்கறாரு. ஊர்க்கவுண்டர் மகனை எதுத்து நின்னவளை இன்னும் ஊட்டுல வெச்சிருந்தா பேரு கெட்டுப் போகும்கறாரு. படிக்கிற புள்ளைங்கக்கா அது. ராத்திரி புஸ்தகத்தைக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்குது. டீச்சரைச் சீட்டைக் குடுக்கச் சொல்லுங்க. யாரு யாருன்னு தெரிஞ்சு போனா எம்புள்ள மேல இருக்கற கோவம் எட்டா பிரிஞ்சுரும்."

அதை அப்படியே டீச்சர்கிட்ட சொன்னேன், வேணும்னேதான் சொன்னேன். மனசு எளகட்டும்னு. டீச்சர் நின்ன எடத்துல உக்காந்துட்டாங்க. அன்னைக்குத்தான் மொத மொதல்ல அந்தம்மா வாயில இருந்து "சாவியைக் குடுங்கக்கா"ன்னு வந்துச்சு. குடுத்தேன். ஸ்டோர் ரூமுக்குள்ள போய் டின்னைத் தொறந்து கவரைக் கையில எடுத்தாங்க. எம்மனசுல, அப்பாடா, முடிஞ்சுதுன்னு இருக்குது. டீச்சர் கவரைக் கையிலயே வெச்சுட்டு நின்னாங்க, மணி அடிச்சு அடுத்த வகுப்பும் ஆரம்பிச்சுருச்சு. பொறவு மறுபடியும் டின்னுக்குள்ளயே வெச்சுட்டு, "அந்த ஊருக்கு நானே போறேன். நீங்க கூட வர்றீங்களா?"ன்னாங்க. அட கெரகமே, வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது!

ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஊர்க்கூட்டம். யூசுப்பு ஜீப்புல ரோடு முடியற வரைக்கும் கொண்டு போய் விட்டாரு. "சீட்டு கொண்டு வந்திருக்கியா?"ன்னு பொண்டாட்டியைக் கேட்டாரு. இல்லன்னாங்க. "அப்பறம் என்ன பண்ணப் போற?"ன்னாரு. "தெரியல"ன்னாங்க. நல்ல லட்சணம்னு நான் மனசுக்குள்ள திட்டிட்டே நடந்தேன். வழி பூரா டீச்சர் என் முழங்கையை விடவே இல்ல. வெரல் பதிஞ்ச தடம் மறுநாளும் இருந்துச்சு.

கோயில் முன்னால ஆம்பளைங்க வட்டமா உக்காந்திருந்தாங்க. பொம்பளைங்க தூர வேலியோரமா, கொழந்தைங்களை இடுப்புல வெச்சுட்டு நின்னாங்க. கூட்டத்துல பொம்பளை பேசற வழக்கம் இல்ல. அந்தப் பன்னெண்டு புள்ளைங்களையும் ஒரு பக்கமா தரையில உக்கார வெச்சிருந்தாங்க. காளியாயி கடைசியில, தலையைக் குனிஞ்சுட்டு. பொன்னுவேல் அதுக்கு முன்னால. ஒண்ணும் டீச்சரை ஏறெடுத்துப் பாக்கல.

டீச்சர் பையில இருந்து ஒரு தட்டு எடுத்தாங்க. வெத்தலை, பாக்கு. எங்கிட்டக்கூடச் சொல்லாம வாங்கி வெச்சிருந்திருக்காங்க. வட்டத்துக்கு நடுவுல வெச்சு, கை கூப்பிக்கிட்டு நின்னாங்க. "எனக்கு உங்க வழக்கம் தெரியாம நான் கணக்கை வெளிய எழுதிட்டேன். உங்க ஊருக்குச் சங்கடம் வந்தது என்னாலதான். குத்தத்தை நான் கட்டுறேனுங்க. புள்ளைங்களை விட்டுருங்க." தட்டை வெச்சப்பவே பாக்கு ஒண்ணு உருண்டு கீழ விழுந்திருந்துச்சு.

சித்தக்கவுண்டரு எந்திரிச்சு அந்தப் பாக்கை எடுத்துத் தட்டுல வெச்சாரு. மரியாதையான மனுசன், அதையும் சொல்லோணும். "நீங்க வெளியாளுங்க டீச்சர், உங்ககிட்ட குத்தம் வாங்குனா எங்களுக்குத்தான் பாவம். ஊர்க்கட்டை மீறுனது எங்க புள்ளைங்க. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல மீறுனா நாளைக்கு நெசமான எலக்சன்ல மீறும். சீட்டைக் குடுங்க."

"சீட்டு கொண்டு வரலீங்க. கொண்டு வரவும் மாட்டேனுங்க. என் வேலை போனாலும் தர மாட்டேன்."

கூட்டத்துல சலசலப்பு. ஒருத்தன் எந்திரிச்சு, இந்தப் பன்னெண்டையும் பள்ளிக்கூடத்துல இருந்தே நிறுத்திரலாம், காடு கரையைப் பாக்கட்டும்னான். பாப்பாத்தி கொழுந்தன் காளியாயி பக்கம் கையைக் காட்டி என்னமோ சொன்னான். நாலு பேரு ஆமாங்கறாங்க. சித்தக்கவுண்டரு கையைத் தூக்குனாரு, முடிவு சொல்றதுக்கு. முடிஞ்சுது, பன்னெண்டும் போச்சு, டீச்சர் புடிவாதத்துல எல்லாம் போச்சுன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"சித்த இருங்க."

வேலியோரத்துல இருந்து. சித்தக்கவுண்டரு சம்சாரம் முத்தாயி. பொன்னுவேல் அம்மா. நெட்டையான பொம்பளை, அதுவரைக்கும் அதோட கொரலை நான் கேட்டதில்ல. ரெண்டு எட்டு எடுத்து வெச்சு முன்னால வந்து நின்னுச்சு. கூட்டமே திரும்பிப் பாக்குது.

"குத்தம் போடறதுன்னா மொதல்ல எம்மேல போடுங்க. போன எலக்சன்ல ஊரு சொன்ன சின்னத்துக்கு நான் போடல."

நடுவுல இருந்த வெத்தலைத் தட்டைக் கையைக் காட்டுச்சு.

"ஊட்டுக்கு ஒரு கை வெத்தலை மேல வெச்சீங்க. எங்கையை யாரும் கேக்கல. உள்ள போனேன், மறைவா இருந்துச்சு, எம்மனசுக்குப் புடிச்சதுல குத்திட்டு வந்தேன். எந்தச் சின்னம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அதுக்கு முந்துன தடவையும் அப்படித்தான். ஊரு ரெண்டு பட்டுச்சா? கெணறு வத்துச்சா? ஒண்ணும் ஆகல. ஏன்னா ஒருத்தருக்கும் தெரியல. இப்ப நானா சொல்றேன். இந்தப் புள்ளைங்க பண்ணுனது தப்புன்னா, நான் அதுக்கு மின்னாடியே பண்ணிட்டேன். என்னை நிறுத்துங்க ஈரத் துணியில."

அப்ப நடந்ததை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். வட்டத்துல ஒரு கெழவர், "இன்னும் யாரு யாரு?"ன்னு கேட்டாரு. வேலியோரத்துல நின்ன அத்தனை பொம்பளைங்களும் தரையையே பாக்குதுங்க. ஒருத்தி கொழந்தைக்கு மூக்கைத் தொடைக்கறா, ஒருத்தி முந்தானையை இழுத்து இழுத்துச் சொருவறா. உக்காந்திருந்த ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா கழுத்தைத் திருப்பி அவங்கவங்க பொண்டாட்டியைப் பாத்தாங்க. கேக்கவும் தைரியம் இல்ல, கேக்காம இருக்கவும் முடியல. சிரிப்பு வந்துரும்னு நான் உதட்டைக் கடிச்சுட்டு நின்னேன், பயத்துல சிரிப்பு வந்தா அதை அடக்கவே முடியாது.

சித்தக்கவுண்டரு மட்டும் பொண்டாட்டியைப் பாக்கல. துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. முத்தாயிக்குக் குத்தம் போட்டா ஊட்டுக்கு ஊடு விசாரிக்கோணும். விசாரிச்சா என்ன வருமோன்னு அங்க இருந்த அத்தனை பேருக்கும் ஒரே பயம். கடைசியா, "இந்தப் பேச்சை இதோட வெக்கலாம். நாளையில இருந்து புள்ளைங்க பள்ளிக்கூடம் போகட்டும். காளியாயியும் சேத்தி. அது படிப்பு முடியற வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது"ன்னாரு. பாப்பாத்தி அங்கயே தரையில உக்காந்து அழுதுச்சு.

நாங்க வெத்தலைத் தட்டை அங்கயே விட்டுட்டுக் கெளம்பிட்டோம். பாதி வழி எறங்கியிருப்போம், பின்னால செருப்புச் சத்தம். சித்தக்கவுண்டரு. தனியா வந்தாரு.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு. ஊருக்காகக் கேக்கலீங்க. எனக்கே எனக்குத்தான் கேக்கறேன். எம்பையன் அவனுக்கே போட்டுக்கிட்டானுங்களா?"

டீச்சருக்குத் தெரியும். அந்த முப்பத்தொண்ணுல எது யாருதுன்னு அந்தம்மாவுக்கு மனப்பாடம். ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுசன் நிம்மதியா திரும்பிப் போவாரு. நெசமோ பொய்யோ, நானா இருந்தா சொல்லியிருப்பேன். ஒரே நாள்ல பொண்டாட்டி அப்படிச் சொல்லிட்டா, மவனாவது தன் பக்கம் இருக்கானான்னு கேக்கறாரு, பாவம். சொல்லுங்க டீச்சர்னு நான் முதுகுல ஒரு இடி கூட இடிச்சேன்.

டீச்சர் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "அது அவனோட ஓட்டுங்க"ன்னாங்க.

"நான் அவன் அப்பன் டீச்சர்."

"ஆமாங்க. இருந்தாலும் அது அவனோடதுங்க."

அவரு காப்பிச் செடியில ஒரு எலையைக் கிள்ளி, கசக்கி, கீழ போட்டாரு. பொறவு, "அப்ப எம்பொண்டாட்டி போட்டதும் அவளோடதுதான், இல்லீங்களா?"ன்னு கேட்டாரு.

டீச்சர் தலையை ஆட்டுனாங்க. அவரும் ஆட்டுனாரு. குடையைக் கக்கத்துல இடுக்கிட்டு, மேட்டுல மெதுவா ஏறி ஊட்டைப் பாக்கப் போனாரு.